நேரம் தவறாத சில்லுகள்: அமிகா கணினியும் பல்லூடகமும்

1984 ஜனவரியில் லாஸ் வேகஸ் நகரில் நடந்த நுகர்வோர் மின்னணுக் கண்காட்சியில், அமிகா என்ற சிறிய கலிபோர்னிய நிறுவனம், அழைக்கப்பட்டவர்கள் மட்டும் நுழையக்கூடிய தனியறையில் தன் புதிய கணினியைக் காட்டியது. கணினி என்று சொல்லத்தக்க பெட்டிகூட அப்போது உருவாகியிருக்கவில்லை. சில்லுகளாக ஆக வேண்டியவை, கம்பிகளால் பின்னிய சுற்றுப்பலகைகளாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவற்றோடு இணைத்த திரையில், சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட பெரிய பந்து சுழன்றபடியே எம்பி எம்பிக் குதித்தது. அதன் நிழலும் பின்சுவரில் கூடவே நகர்ந்தது. உண்மையான பெரிய கணினி எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்று சந்தேகப்பட்டு மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தவர்களும் உண்டு என்று அந்தக் குழுவினர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

அந்தப் பந்து எப்படி இயங்கியது என்று தெரிந்துகொண்டால் வியப்பு இன்னும் கூடும். பந்து ஒரே ஒரு முறைதான் வரையப்பட்டது. அதன்பின் யாரும் அதைத் திரும்ப வரையவில்லை. கணினித் திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் இருக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பதைத் தனியே ஒரு வண்ண அட்டவணை சொல்கிறது. பந்தின் கட்டங்களை மெல்லிய பட்டைகளாகப் பிரித்து, அடுத்தடுத்த பட்டைக்கு அடுத்தடுத்த எண்ணைக் கொடுத்துவிட்டார்கள். பிறகு அட்டவணையில் உள்ள சிவப்பையும் வெள்ளையையும் ஒவ்வோர் இடமாக நகர்த்திக்கொண்டே போனால், பந்து சுழல்வதாகக் கண் நம்பிவிடுகிறது. திருவிழாப் பந்தலில் சீரியல் செட் விளக்குகள் ஓடுவதாகத் தெரிவதும் இப்படித்தான். எந்தப் பல்பும் இருந்த இடத்தை விட்டு அசைவதில்லை. பந்து குதிப்பதற்கும் படத்தைத் தூக்கி வேறிடத்தில் வைக்க வேண்டியிருக்கவில்லை. நினைவகத்தின் எந்த முகவரியிலிருந்து திரையை வாசிக்கத் தொடங்க வேண்டும் என்பதை மட்டும் மாற்றினால், படம் முழுவதும் நகர்ந்ததாகத் தோன்றும். ஆகவே மையச் செயலி ஏறக்குறைய சும்மாவே இருந்தது.

பல்லூடகம் என்றால் என்ன என்று பாடப்புத்தகத்தைக் கேட்டால், எழுத்து, படம், அசைபடம், ஒலி, காணொளி ஆகியவை ஒரே கருவியில் சேர்ந்து வருவது என்று விடை கிடைக்கும். அந்த விடை தவறில்லை. ஆனால் பல்லூடகத்தின் கடினமான பகுதி எது என்பதை அது சொல்வதில்லை. நான் புரிந்துகொண்ட அளவில், பல்லூடகம் என்பது முதன்மையாக ஒரு காலக் கணக்கு. ஒவ்வோர் ஊடகமும் தனக்கென்று ஒரு கெடு வைத்திருக்கிறது. அசையும் படம் நொடிக்கு 50 அல்லது 60 முறை புதுப்பிக்கப்பட வேண்டும். ஒலியோ நொடிக்குப் பல்லாயிரம் முறை அடுத்த எண்ணைக் கேட்கும். படம் ஒரு கணம் தாமதித்தால் கண் பொறுத்துக்கொள்ளும். ஒலி அதே அளவு தாமதித்தால் காது பொறுக்காது, கரகரப்பாக உடனே கேட்டுவிடும். இந்தக் கெடுக்கள் அனைத்தையும் ஒரே நேரத்தில் தவறவிடாமல் காப்பாற்றுவதுதான் வேலை. வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய விலையில் அந்த வேலையைத் தொடக்கத்திலிருந்தே மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்ட கணினி என்பதால்தான், அமிகாவை வைத்துப் பல்லூடகத்தை விளக்குவது எளிதாக இருக்கிறது.

ஒரு செயலி மட்டும் இருந்தால் என்ன ஆகும்

கெடு எவ்வளவு இறுக்கமானது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். அமிகாவின் சாதாரணத் திரை, அமெரிக்க முறையில், அகலத்தில் 320 புள்ளிகளும் உயரத்தில் 200 புள்ளிகளும் கொண்டது. 32 நிறங்கள் வேண்டுமென்றால் புள்ளிக்கு 5 பிட் தேவை. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட்; ஆகத் திரை முழுவதற்கும் 40,000 பைட். அதன் மையச் செயலி மோட்டோரோலா 68000. நொடிக்குச் சுமார் 71.6 லட்சம் துடிப்புகள் கொண்டது. திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுவதால், ஒவ்வொரு முறைக்கும், அதாவது ஒவ்வொரு தவணைக்கும், செயலியின் பங்குக்குக் கிடைப்பவை ஏறத்தாழ 1,19,000 துடிப்புகள். இரண்டு பைட்டை நினைவகத்தின் ஓரிடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் வைக்க வழக்கமான கட்டளைக்கு 12 துடிப்புகள் செலவாகும். அப்படியானால் 40,000 பைட்டை நகர்த்த 2,40,000 துடிப்புகள் வேண்டும். வேறு எந்த வேலையும் பார்க்காமல், ஒலியைப் பற்றி நினைக்கக்கூட நேரமில்லாமல், திரையை ஒருமுறை நகலெடுப்பதற்கே இரண்டு தவணை நேரம் போய்விடுகிறது.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சோறு, சாம்பார், பொரியல், அப்பளம், பாயசம் எல்லாவற்றையும் ஒரே ஆள் மாறி மாறித் தூக்கிக்கொண்டு ஓடினால், அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கடைசி இலைக்காரர் வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். சாம்பார் வாளிக்கு ஓர் ஆள், பாயசத்துக்கு ஓர் ஆள் என்று பிரித்துவிட்டு, அவரவர் சமையல் கட்டுக்குள் தாமே போய் நிரப்பிக்கொண்டு வரட்டும் என்று விட்டுவிட்டால், மேற்பார்வையாளர் நடுவில் நின்று அடுத்து என்ன என்று யோசித்தால் போதும். அமிகாவின் உள்ளமைப்பும் இப்படிப்பட்டதுதான். மையச் செயலி மேற்பார்வையாளர். பரிமாறுகிறவர்கள் அக்னஸ், டெனிஸ், பவுலா என்று பெண் பெயர் சூட்டப்பட்ட மூன்று தனிச் சில்லுகள். சமையல் கட்டு என்பது இந்தச் சில்லுகளும் செயலியும் பகிர்ந்துகொள்ளும் நினைவகம். சில்லுகள் செயலியிடம் கேட்காமலே அந்த நினைவகத்திலிருந்து தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். இதற்கு நேரடி நினைவக அணுகல் என்று பெயர்.

எல்லாரும் ஒரே வாசலில் நுழைந்தால் நெரிசல் ஆகாதா என்ற கேள்வி நியாயமானது. 68000 செயலி நினைவகத்தை ஒருமுறை தொடுவதற்கு நான்கு துடிப்புகள் எடுத்துக்கொள்கிறது. அதில் பாதி நேரம்தான் வாசலை உண்மையில் அடைத்துக்கொண்டு நிற்கிறது. மீதிப் பாதியை மற்றச் சில்லுகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒருவர் வெளியேறும்போது மற்றவர் நுழைகிறார் என்பதால், பெரும்பாலான நேரங்களில் யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. திரையில் நிறங்களின் எண்ணிக்கையை 16க்கு மேல் ஏற்றினால் மட்டும் செயலியின் முறையிலும் சில்லுகள் கை வைக்கத் தொடங்கும்; அப்போது செயலியின் வேகம் குறையும்.

இந்த வடிவமைப்புக்குத் தலைமை தாங்கியவர் ஜே மைனர். அட்டாரி நிறுவனத்தில் 2600 விளையாட்டுக் கருவிக்கும், 400, 800 வீட்டுக் கணினிகளுக்கும் சில்லுகளை உருவாக்கியவர் அவர். வேலையைத் தனிச் சில்லுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது. மிட்சி என்ற அவருடைய நாய் தினமும் அலுவலகத்துக்கு வரும். முதல் அமிகாவின் மேல்மூடியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால், உட்புறத்தில் குழுவினரின் கையெழுத்துகள் அச்சாகியிருக்கும். அவற்றுக்கு நடுவே மிட்சியின் பாதத் தடமும் இருக்கும்.

ஒளிக்கற்றையோடு ஓடும் சில்லு

மூன்று சில்லுகளில் அக்னஸ் தான் நினைவக வாசலின் காவலர். யார் எப்போது நுழையலாம் என்பதை அது முடிவு செய்கிறது. அதற்குள்ளேயே இரண்டு உதவியாளர்கள் குடியிருக்கிறார்கள். முதலாமவர் பிளிட்டர். படத்தின் ஒரு செவ்வகத் துண்டைப் பெயர்த்து வேறிடத்தில் ஒட்டுவது, கோடு இழுப்பது, எல்லைக்குள் நிறம் நிரப்புவது ஆகியவை அதன் வேலை. மேலே கணக்கிட்ட நகலெடுப்பைச் செயலியை விட வேகமாக அது முடிக்கும். ஒரு மரத்தின் படத்தைப் பின்னணியில் வைக்கும்போது மரத்தைச் சுற்றியுள்ள வெற்றிடத்தை மட்டும் விட்டுவிட்டு ஒட்டவும் அதற்குத் தெரியும்.

இரண்டாமவரான காப்பரைத்தான் நான் அமிகாவின் உயிர் என்று சொல்வேன். காப்பர் என்பது மூன்றே மூன்று கட்டளைகள் மட்டும் அறிந்த மிகச் சிறிய துணைச்செயலி. காத்திரு, எழுது, தாண்டு. இவ்வளவுதான். எதற்காகக் காத்திருக்கிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அக்காலத் தொலைக்காட்சிப் பெட்டியில் படம் ஒரேயடியாகத் தோன்றுவதில்லை. எலக்ட்ரான் கற்றை ஒன்று மேலிருந்து கீழாக, வரி வரியாக, இடமிருந்து வலமாக ஓடிப் படத்தை வரைகிறது. இந்தியாவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் வழங்கிய பிஏஎல் முறையில் ஒரு வரிக்கு 64 மைக்ரோநொடி ஆகும். கற்றை இப்போது எந்த வரியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் காப்பர் எப்போதும் அறிந்திருக்கும். இந்த வரியை அடையும்வரை காத்திரு, அடைந்ததும் இந்த நிறத்தை மாற்று என்று ஒரு பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு தவணையும் தொடக்கத்திலிருந்து அந்தப் பட்டியலை அது தானாகவே நிறைவேற்றிக்கொண்டிருக்கும்.

அந்தி வானம் ஒன்றை வரைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் கணினியில் மேலே கருநீலமும் கீழே செம்மஞ்சளுமாக நிறம் படிப்படியாக மாற வேண்டுமென்றால், ஒவ்வொரு படிக்கும் வண்ண அட்டவணையில் ஓர் இடம் ஒதுக்க வேண்டும். இருக்கும் 32 இடங்களும் வானத்துக்கே போய்விடும். அமிகாவில் வானம் முழுவதையும் பூஜ்யம் என்ற ஒரே எண்ணால் நிரப்பிவிடலாம். காப்பர் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அந்தப் பூஜ்யத்துக்கு நேரே உள்ள நிறத்தை மாற்றி எழுதும். கற்றை அந்த வரியைக் கடக்கும்போது அங்கே என்ன நிறம் இருக்கிறதோ அதுதான் திரையில் விழும். கற்றை போன பிறகு நிறத்தை மாற்றினாலும் முன்பு விழுந்தது மாறாது. ஆகவே, ஒரே எண்ணிலிருந்து நூற்றுக்கணக்கான நிறங்கள் கிடைக்கின்றன. அந்தச் சிறிய பட்டியலைத் தவிர நினைவகத்தில் கூடுதலாக எதுவும் செலவாகவில்லை. செயலி இதில் கையே வைக்கவில்லை. அமிகா விளையாட்டுகளில் பின்னணி வானங்கள் அத்தனை மென்மையாக இருந்ததன் காரணம் இதுதான். இதே உத்தியால், திரையின் மேற்பாதியை ஒரு தெளிவளவிலும் கீழ்ப்பாதியை இன்னொரு தெளிவளவிலும் காட்டவும், ஒரு திரையைச் சுட்டியால் பிடித்துத் துணிபோலக் கீழே இழுத்துப் பின்னாலிருக்கும் வேறொரு திரையைப் பார்க்கவும் முடிந்தது.

அக்னஸ் கொண்டுவந்து தரும் எண்களை நிறங்களாக மாற்றித் திரைக்கு அனுப்புவது டெனிஸின் பொறுப்பு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தலா 16 நிலைகள் இருந்தன. 16ஐ மூன்று முறை பெருக்கினால் 4,096 நிறங்கள். ஆனால் ஒரு நேரத்தில் அட்டவணையில் வைத்துக்கொள்ளக்கூடியவை 32 தான். ஒளிப்படத்துக்கு 32 நிறங்கள் போதாது என்பது மனித முகத்தை அதில் பார்த்தவர்களுக்குத் தெரியும். கன்னத்தில் திட்டுத்திட்டாகப் படை வந்ததுபோல இருக்கும்.

இதற்கு மைனர் வைத்திருந்த வழி, தக்கவைத்து மாற்றும் முறை. ஆங்கில எழுத்துகளின் சுருக்கமாக ஹாம் என்பார்கள். புள்ளிக்கு 6 பிட் கொடுக்கப்படுகிறது. அதில் 2 பிட் ஒரு கட்டளை, 4 பிட் ஒரு மதிப்பு. 16 நிறங்கள் கொண்ட சிறிய அட்டவணையிலிருந்து ஒன்றை எடு என்று கட்டளை இருக்கலாம். அல்லது இடப்பக்கப் புள்ளியின் நிறத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதில் சிவப்பை மட்டும், அல்லது பச்சையை மட்டும், அல்லது நீலத்தை மட்டும் மாற்று என்று இருக்கலாம். ஒரு புள்ளி சிவப்பு 5, பச்சை 9, நீலம் 14 என்றிருக்கிறது. அடுத்த புள்ளியில் நீலத்தை 13 ஆக்கு என்றால், 5, 9, 13 என்ற, அட்டவணையில் எங்கும் இல்லாத நிறம் கிடைக்கிறது. வானமும் தோலும் துணி மடிப்பும் இப்படி மெல்ல மெல்ல மாறும் பரப்புகள் என்பதால், 4,096 நிறங்களும் ஒரே படத்தில் வர வழி பிறந்தது. தொல்லை எங்கே என்றால், கூர்மையான விளிம்புகளில். 5, 9, 13 என்ற நிறத்திலிருந்து 15, 3, 2 என்ற நிறத்துக்கு உடனே தாவ முடியாது. புள்ளிக்கு ஒரு நிறக்கூறு என மூன்று புள்ளிகள் ஆகும். அதனால் விளிம்பில் சாயம் கசிந்ததுபோல ஒரு கோடு தெரியும். இந்த முறையைச் சில்லிலிருந்து எடுத்துவிடலாம் என்று மைனரே ஒரு கட்டத்தில் நினைத்திருக்கிறார். எடுத்தால் சில்லின் நடுவே வெற்றிடம் விழும், இல்லையென்றால் எல்லாவற்றையும் மறுபடி அடுக்க மாதக்கணக்கில் ஆகும் என்று வரைபடம் போட்டவர் சொன்னதால் அது தப்பியது.

நான்கு குரல்கள்

பவுலாவுக்கு ஒலி. அதே காலத்து ஐபிஎம் பிசியில் இருந்தது பீப் என்று ஒலிக்கும் சிறு ஒலிபெருக்கி மட்டுமே என்பதை நினைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும். பவுலாவிடம் நான்கு ஒலித்தடங்கள் இருந்தன. இரண்டு இடப்பக்கத்துக்கு, இரண்டு வலப்பக்கத்துக்கு. ஒவ்வொன்றும் நினைவகத்தில் உள்ள உண்மையான ஒலிப்பதிவை, 8 பிட் எண்களின் வரிசையாக, தானே எடுத்து வாசிக்கும். வேகம், உரப்பு இரண்டையும் தடத்துக்குத் தடம் தனித்தனியே அமைக்கலாம். குதிக்கும் பந்து தரையில் மோதும்போது கேட்கும் ஓசைகூட, கராஜ் கதவு ஒன்றை அடித்துப் பதிவுசெய்யப்பட்டது என்று சொல்வார்கள்.

பதிவுசெய்த ஒலியை வாசிக்க முடிகிறது என்றால், ஒரு முழுப் பாட்டையும் பதிவுசெய்துவிடலாமே? இடம் பற்றாது. நொடிக்கு 8,000 எண்கள் என்ற மிகச் சுமாரான தரத்தில் பதிவுசெய்தாலும் மூன்று நிமிடப் பாட்டுக்கு 14,40,000 பைட் வேண்டும். அமிகாவின் பிளாப்பி டிஸ்கில் 880 கிலோபைட்தான் கொள்ளும். 1987இல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி என்ற ஜெர்மானியர் வெளியிட்ட அல்டிமேட் சவுண்ட்டிராக்கர் என்ற மென்பொருள் இதற்கு ஒரு வழி காட்டியது. முரசின் ஓர் அடி, பேஸ் கிட்டாரின் ஒரு தந்தி, குழலின் ஒரு சுரம் என்று துண்டுகளை மட்டும் பதிவுசெய்துகொண்டு, எந்தத் துண்டு எப்போது எந்தச் சுருதியில் ஒலிக்க வேண்டும் என்ற குறிப்பை அட்டவணையாக எழுதுவதே அந்த வழி. துண்டை வேகமாக வாசித்தால் சுருதி ஏறும். மெதுவாக வாசித்தால் இறங்கும். ஆகவே ஒரே குழல் துண்டிலிருந்து எல்லாச் சுரங்களும் பிறக்கும்.

அட்டவணையில் நான்கு பத்திகள், 64 வரிசைகள். பத்திக்கு ஒரு தடம். பிஏஎல் தொலைக்காட்சியின் தவணையைப் போலவே நொடிக்கு 50 முறை துடிப்பு விழும். வழக்கமான அமைப்பில் 6 துடிப்புக்கு ஒரு வரிசை கீழே இறங்கும். வரிசைக்கு 0.12 நொடி, 64 வரிசைகளுக்கு 7.68 நொடி. தாள ஆவர்த்தனம்போல இப்படிப்பட்ட அட்டவணைகளை வேண்டிய ஒழுங்கில் அடுக்கினால் பாட்டு. ஒலிக்காகச் செயலி செய்ய வேண்டியது, நொடிக்கு 50 முறை எட்டிப் பார்த்து அடுத்த குறிப்பைப் பவுலாவிடம் கொடுப்பது மட்டுமே. இவ்வகைக் கோப்புகளை மாட் என்று அழைத்தார்கள். ஐரோப்பாவின் இளைஞர்கள் எத்தனையோ பேர் இசைக்கருவி எதையும் தொடாமலே, மேலிருந்து கீழாக ஓடும் எண்களின் வழியே இசையமைக்கக் கற்றுக்கொண்டது இந்த அட்டவணைகளில்தான்.

வீட்டுக்கும் படப்பிடிப்புக் கூடத்துக்கும்

அமிகா நிறுவனத்தை 1984 ஆகஸ்டில் கொமடோர் என்ற கணினி நிறுவனம் வாங்கியது. 1985 ஜூலை 23 அன்று நியூயார்க்கின் லிங்கன் மையத்தில் அமிகா 1000 அறிமுகமானது. மேடையில் ஓவியர் ஆண்டி வார்ஹோல், பாடகி டெபி ஹாரியின் படத்தைக் கணினியிலேயே வண்ணம் தீட்டிக் காட்டினார். அவர் அந்நாளில் அமிகாவில் வரைந்த வேறு சில படங்கள் பிளாப்பி டிஸ்குகளில் முடங்கிக் கிடந்து, 2014இல்தான் மீட்டெடுக்கப்பட்டன. திரையகம் இல்லாமல் அதன் விலை 1,295 டாலர். அதைவிட விலை கூடிய, ஆப்பிளின் மெக்கின்டாஷ் அப்போது கறுப்பு வெள்ளையில் இருந்தது. வீடுகளுக்குள் உண்மையில் நுழைந்தது 1987இல் வந்த, விலை குறைந்த அமிகா 500. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் அது பெரிதும் விற்றது.

இயங்குதளத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கார்ல் சாசன்ராத் எழுதிய எக்செக் என்ற அதன் கரு, பல நிரல்களை ஒரே நேரத்தில் இயக்கியது. ஒவ்வொரு நிரலும் தானாக மனமிரங்கி வழிவிடும் என்று எதிர்பார்க்காமல், முறை வந்ததும் பிடுங்கி அடுத்த நிரலிடம் கொடுக்கும் ஏற்பாடு அது. சில்லுகளுக்கிடையே இருந்த நேர ஒழுங்கு நிரல்களுக்கிடையேயும் இருந்தது. ஆனால் ஒரு நிரல் இன்னொன்றின் நினைவகத்தில் புகுந்து கெடுப்பதைத் தடுக்கும் பாதுகாப்பு அதில் இல்லை. அப்படிக் கெடும்போது கறுப்புத் திரையில் சிவப்புக் கட்டத்துக்குள் குருவின் தியானம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் மின்னும்; அதைப் பார்த்தவர் கணினியை மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

தொலைக்காட்சித் துறைக்கு அமிகா பிடித்துப்போனதற்கும் காரணம் நேரம்தான். செயலியின் அந்த 71.6 லட்சம் துடிப்பு என்ற எண் தற்செயலானதன்று. அமெரிக்கத் தொலைக்காட்சியின் வண்ண அலையின் அதிர்வெண்ணைச் சரியாக இரண்டால் பெருக்கி வைத்தது. ஆகவே கணினியின் துடிப்பும் தொலைக்காட்சியின் துடிப்பும் பிறவியிலேயே ஒத்துப்போயின. வெளியிலிருந்து வரும் காணொளியின் துடிப்போடு கணினியின் துடிப்பைக் கட்டிப்போடும் ஜென்லாக் என்ற சிறு கருவியை மாட்டினால், பூஜ்யம் என்ற நிறம் இருக்கும் இடமெல்லாம் வெளிக்காணொளி தெரியும். மற்ற இடங்களில் கணினியின் எழுத்தும் படமும் அதன்மேல் மிதக்கும். கல்யாண வீடியோவில் ஓடும் காட்சியின்மேல் மணமக்கள் பெயர் எழும்பி வருகிறதே, அந்த வகை வேலை. இரண்டு துடிப்புகளும் இம்மியளவு பிசகினாலும் எழுத்து நடுங்கும், அல்லது படமே உருண்டுவிடும்.

1990இல் கன்சாஸ் மாநிலத்தின் டொபீக்கா நகரிலுள்ள நியூடெக் நிறுவனம் வீடியோ டோஸ்டர் என்ற அட்டையை வெளியிட்டது. அமிகா 2000 கணினியில் அதைச் செருகினால், பல படக்கருவிகளிலிருந்து வரும் காட்சிகளை மாற்றி மாற்றிக் கலப்பது, எழுத்து போடுவது, லைட்வேவ் மென்பொருளால் முப்பரிமாணக் காட்சி உருவாக்குவது ஆகிய எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் செய்யலாம். அதுவரை ஓர் அறை நிறைய இயந்திரங்கள் செய்துவந்த வேலை அது. 1993இல் அமெரிக்காவில் ஒளிபரப்பான பாபிலோன் 5 தொடரின் முன்னோட்டப் படத்துக்கான விண்கலக் காட்சிகள் இப்படித்தான் உருவாயின. அதே ஆண்டில் டோஸ்டருக்கு எம்மி விருதும் கிடைத்தது.

இத்தனை சிறப்பாக இருந்தது ஏன் நிலைக்கவில்லை என்ற கேள்விக்குக் கொமடோரின் நிர்வாகத்தைக் குறைசொல்வது வழக்கம். அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் வடிவமைப்பிலேயே ஒரு காரணம் இருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அமிகா ஒரு புள்ளியின் எண்ணை ஒரே இடத்தில் வைப்பதில்லை. 5 பிட் நிறம் என்றால், கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல 5 தளங்கள் இருக்கும். புள்ளியின் ஒவ்வொரு பிட்டும் ஒவ்வொரு தளத்தில் கிடக்கும். நினைவகம் விலை கூடியிருந்த 1985இல் இது சிக்கனமான ஏற்பாடு. பெரிய துண்டுகளை நகர்த்தவும் இது தோதானது. 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ முறையிலோ, 256 நிறத் திரையில் புள்ளிக்கு ஒரு முழு பைட். 1990களில் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே கணக்கிட்டு நிரப்பும் முப்பரிமாண விளையாட்டுகள் வந்தபோது, பிசி ஒரே பைட்டை எழுதிவிட்டு நகர்ந்தது. 256 நிறங்களுக்கு அமிகா 8 தளங்களில் 8 பிட்களைத் தேடிப்போக வேண்டியிருந்தது. 1992இல் வந்த அமிகா 1200, 4000 ஆகியவற்றின் புதிய சில்லுகள் நிறங்களைக் கூட்டினவே தவிர இந்தக் கட்டமைப்பை மாற்றவில்லை. தொலைக்காட்சிக் கற்றையோடு கைகோத்து ஓடியதால் கிடைத்த பலம், கணினித் திரைகள் தொலைக்காட்சியை விட்டு விலகிப்போனபோது சுமையாகிவிட்டது. 1994 ஏப்ரல் 29 அன்று கொமடோர் தன்னைக் கலைப்பதாக அறிவித்தது. அதே ஆண்டு ஜூனில் ஜே மைனர் காலமானார்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்று மட்டும் நம் எல்லார் கையிலும் இருக்கிறது. 1985இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் அமிகாவுக்காக டீலக்ஸ் பெயிண்ட் என்ற ஓவிய மென்பொருளை வெளியிட்டது. டான் சில்வா எழுதியது. அந்த மென்பொருளில் வரைந்த படத்தை வேறொரு நிறுவனத்தின் மென்பொருளும் திறக்க முடிய வேண்டும் என்பதற்காக, அங்கே பணியாற்றிய ஜெர்ரி மாரிசன், ஐஎஃப்எஃப் என்ற பொதுக் கோப்பு வடிவத்தை வகுத்தார். அதன் இலக்கணம் மிக எளியது. கோப்பு என்பது மூட்டைகளின் வரிசை. ஒவ்வொரு மூட்டையின் மேலும் நான்கெழுத்துப் பெயர், அதையடுத்து நான்கு பைட்டில் நீளம், பிறகு சரக்கு. படத்தின் அளவு ஒரு மூட்டையில், வண்ண அட்டவணை ஒரு மூட்டையில், படம் ஒரு மூட்டையில். தனக்குத் தெரியாத பெயர் கொண்ட மூட்டை எதிர்ப்பட்டால், மென்பொருள் நீளத்தைப் பார்த்து அதைத் தாண்டிப் போய்விடலாம். ஒலிக்கும் இதே இலக்கணம்தான் என்பதால், படமும் ஒலியும் ஒரே கோப்பில் சேர்ந்து பயணம் செய்யவும் முடிந்தது.

ஆப்பிளின் ஏஐஎஃப்எஃப் ஒலிக்கோப்பு இதிலிருந்து பிறந்தது. 1991இல் மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் இதைச் சற்றே மாற்றி ஆர்ஐஎஃப்எஃப் என்று பெயர் வைத்தன. வேவ் ஒலிக்கோப்பும் ஏவிஐ காணொளிக் கோப்பும் அந்த வடிவத்தில்தான் இருக்கின்றன. கூகுள் வெளியிட்ட வெப்பி படக்கோப்பும் அப்படியே. வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஸ்டிக்கர்கள் வெப்பி கோப்புகள். அவற்றுள் ஒன்றை, பைட்களை அப்படியே காட்டும் நிரல் ஒன்றில் திறந்து பாருங்கள்: முதலில் ஆர், ஐ, எஃப், எஃப் என்ற நான்கு எழுத்துகள், அடுத்து நான்கு பைட்டில் நீளம், பிறகு சரக்கு. நீளத்தின் பைட்கள் மட்டும் தலைகீழாக இருக்கும். மோட்டோரோலா செயலி பெரிய இலக்கத்தை முதலில் வைக்கும், பிசியில் இருக்கும் இன்டெல் செயலி அதைக் கடைசியில் வைக்கும்.